அப்பாவின் சிவப்பும் சித்தப்பாவின் சிவப்பும்

அன்பு மகளுக்கு,

நேரத்துக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் நீ நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு நலம், வாய்தான் சரியில்லை. உன் அப்பாவும் சித்தப்பாவும் கொஞ்ச நாளாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். ஒரே பஸ் பணிமனையில் வேலை, ஒரே மேசையில் சாப்பாடு, ஆனால் உப்பு வேண்டுமென்றால்கூட என் வழியாகத்தான் போய் வர வேண்டும். "அண்ணி, அந்த உப்பை இங்க தள்ளச் சொல்லுங்க" என்று அவர், "கை இருக்குல்ல, எடுத்துக்கச் சொல்லு" என்று இவர், நடுவில் நான் தபால்காரி.

காரணம் கேட்டால் சிரிப்பாய். கடல் தாண்டி நம் ராணுவம் உட்கார்ந்திருக்கிற நாட்டுக்கு அனுப்பப் போர்க்கப்பல் வாங்குவதற்கு, அப்பாவின் சமூக ஜனநாயகக் கட்சியும் நாடாளுமன்றத்தில் கை தூக்கியது அல்லவா. "கப்பல் எதுக்கு, அங்க இருக்கிற ரப்பரையும் செம்பையும் அள்ளிட்டு வரத்தானே, அதுல ஒரு துண்டு உங்களுக்கும் விழுது, அதான் வாயைத் திறக்க மாட்டேங்கிறீங்க, ஏகாதிபத்தியத்துக்குக் குடை பிடிக்கிற நீங்கல்லாம் சமூக பாசிஸ்ட்" என்று சித்தப்பா தன் கம்யூனிஸ்ட் கட்சிப் பாஷையில் சாப்பிடும்போது சொல்லிவிட்டார். அப்பாவுக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை, கடைசி வார்த்தை மட்டும் குத்திவிட்டது. "எட்டு மணி நேர வேலையும் சம்பளத்தோட லீவும் வாங்கிக் கொடுத்தவன் பாசிஸ்டா, உன் கட்சி இதுவரைக்கும் வாங்கினது ஒரு மைக் செட்தான்" என்று தட்டோடு சமையலறைக்குள் போய்விட்டார். எனக்கு என்னவோ கப்பல் விஷயத்தில் சித்தப்பா சொன்னது சரி, பட்டப்பெயர் விஷயத்தில் அப்பா சொன்னது சரி. அதைச் சொன்னதற்கு இரண்டு பேரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள், அந்த ஒன்றில் மட்டும் ஐக்கிய முன்னணி.

போன வாரம் அசல் பாசிஸ்ட் சரக்கே வந்துவிட்டது. பணிமனையில் பஸ் கழுவுகிற பெண் ஒருத்தி, அந்தக் கடல் தாண்டிய நாட்டுக்காரி. அவளையும் அவள் ஊர்க்காரர்களையும் விரட்டுவதற்குக் கறுப்புச் சீருடைக் கூட்டம் தடியோடு வருகிறது என்று பேச்சு. அப்பாவின் கட்சி ஆபீசிலிருந்து போன், போலீஸ் பார்த்துக்கொள்ளும், அமைதியாக வீட்டுக்குப் போங்கள் என்று. சித்தப்பாவின் கட்சி உத்தரவு, சமூக பாசிஸ்டுகளோடு சேர்ந்து நிற்காதே, நாம் தனியாக ஊர்வலம் போவோம் என்று, அதுவும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பேரும் பதவிசாகத் தலையாட்டிவிட்டு ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பணிமனை கேட்டுக்குப் போயிருக்கிறார்கள். அப்பா கையில் ஸ்பேனர், சித்தப்பா வெல்டிங் முகமூடியோடு. "நீ எங்கடா இங்க" என்று இவர், "நீங்க இன்னும் வீட்டுக்குப் போகலையா" என்று அவர். பிறகு இரண்டு சங்கத்து ஆட்களும் ஒவ்வொருவராக வந்து கேட்டை அடைத்து நின்றார்கள். கூட்டம் கத்தியது, கல் விட்டது, போலீஸ் எதிர்ப்பக்கம் நின்று வேடிக்கை பார்த்தது. கேட்டைத் தாண்ட முடியாமல் கடைசியில் கலைந்து போனார்கள். அப்பாவுக்கு நெற்றியில் சின்னத் தையல், பயப்படாதே.

ரத்தத்தைத் துடைத்துவிட்டவள் அந்தப் பெண்தான். "அண்ணா, எனக்காக நின்னீங்க, மறக்க மாட்டேன். ஆனா அந்தக் கப்பல் போற துறைமுகத்துலதான் என் தம்பி மூட்டை தூக்குறான். உங்க கட்சி கை தூக்கினப்போ அவனை மாதிரி ஆளுங்க ஞாபகம் யாருக்குமே வரலையா" என்று கேட்டாளாம். ரேடியோவுக்குக்கூடப் பதில் சொல்கிற மனுஷன், வீட்டுக்கு வந்து அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டார்.

நேற்று கட்சிக் கிளைக் கூட்டத்தில் இரண்டாவது கப்பலுக்கு ஆதரவாகத் தீர்மானம். அப்பா எழுந்து, "இங்க நமக்கு லீவு, அங்க அவங்க தலையில குண்டு, இதுக்குப் பேரு சோஷலிசம் இல்ல" என்றிருக்கிறார். எதிர்த்து உயர்ந்தது அவர் கை ஒன்றுதான், தீர்மானம் நிறைவேறிவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தார். சித்தப்பா குத்திக் காட்டுவாரோ என்று எனக்குப் பதைப்பு. அவரோ, "விட்டுட்டு வந்துடுங்களேன் அண்ணே" என்றார் மெதுவாக. "நானும் வந்துட்டா அடுத்த தடவை அந்த ஒரு கையும் இருக்காதுடா" என்றார் அப்பா. சித்தப்பாவிடம் அவர் கட்சி, அன்றைக்கு ஏன் கேட்டில் நின்றாய் என்று விளக்கம் கேட்டிருக்கிறது. அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று அண்ணனிடமே யோசனை கேட்க, இரண்டு பேரும் வீடு அதிரச் சண்டை போட்டுக்கொண்டு எழுதினார்கள். எனக்கு அந்தச் சத்தத்தில் நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும் கண்ணு. அங்கே நீயும் கடல் தாண்டிப் போனவள்தான், யாராவது முறைத்தால் மறைக்காமல் எழுது. எங்கள் கை அவ்வளவு தூரம் எட்டாது, அதனால் கூட வேலை செய்கிறவர்களோடு உடனே ஒரு சங்கத்தில் சேர்ந்துவிடு. எந்தச் சங்கம் என்பதை மட்டும் எனக்குத் தனியாக எழுது, இந்த இரண்டு பேருக்கும் தெரிய வேண்டாம்.

ஆசையோடு,
உன் அம்மா