நீ தட்டிப் பார்த்து வாங்கிய பானை

இன்று காலை பக்கத்து வீட்டு அஞ்சலை சோற்றை அடி பிடிக்க விட்டுவிட்டாள். தோட்டத்து லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைதானே தடுப்பு. அவள் வீட்டுக் காந்தல் வாடை நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை, விடியுமுன் பேர் கொடுக்க ஓடும் பிரட்டு இல்லை. பாயில் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்து, "என்ன புள்ள, இன்னிக்கும் தீய விட்டுட்டியா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்ததும் தொடங்கிவிட்டது. என் வாய்க்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு எழுத்துத் தெரியாது. ஊரிலிருந்து வரும் கடிதங்களை நான் படிக்கப் படிக்க, நீ முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாய். நல்ல சேதி வந்தால் கை நிற்கும், "அத மறுபடி படிங்க" என்பாய். இதையும் எழுதி முடித்து வாய்விட்டுப் படிக்கிறேன். எங்கே இருக்கிறாயோ, கேட்டுக்கொள்.

இந்த ரப்பர்த் தோட்டத்திலேயே சமையல் சாமான் வாங்குவதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆற்றோரம் புது அம்மி விற்க வந்தவனிடம், அதில் ஒரு பிடி அரிசியை வைத்து அரைத்து, விழுதை நாக்கில் தடவி, "மண்ணு கடிக்குது, எடுத்துக்கிட்டுப் போ" என்று அனுப்பினாய். அவனும் விடாமல், "கல்லுன்னா கடிக்கத்தாம்மா செய்யும்" என்று வாதாடினான். அரிவாள்மனை வாங்கப் போனபோது முந்தானையில் ஒரு வெண்டைக்காயை முடிந்துகொண்டு வந்தாய். கடையிலேயே உட்கார்ந்து நறுக்கிப் பார்த்தாய். விதை நசுங்கினால் அந்தக் கத்தி ஆகாது, வழுக்கிக்கொண்டு போனால் ஆகும். எனக்கு அப்போது மானம் போயிற்று. ஆனால் அந்த அரிவாள்மனை இன்றைக்கும் சாணை கேட்கவில்லை.

இப்படிப்பட்ட நீதான், மண்ணெண்ணெய்த் தகரத்தில் அடித்த ஒரு மெல்லிய பானையில் வருஷக்கணக்காகச் சோறு பொங்கினாய். அடுப்பில் கொஞ்சம் தீ கூடினாலும் அடி பிடிக்கும். மேலே இருக்கும் வெள்ளைச் சோறு எனக்கு, அடியில் சுரண்டிய காந்தல் உனக்கு. "எனக்கு இதுதான் ருசி" என்பாய். நானும் நம்பினேன். தட்டில் வந்ததைத் தின்னுவதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்திருந்த காலம் அது.

அந்த வெண்கலப் பானையை வாங்கிய நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். ரப்பருக்கு நல்ல விலை வந்து நம் கையிலும் நாலு காசு நின்ற வருஷம். மாட்டு வண்டியில் கோலா சிலாங்கூர் டவுனுக்குப் போய் மரைக்காயர் பாத்திரக் கடையில் இறங்கினோம். பரணில் இருந்த பானைகளையெல்லாம் இறக்கச் சொன்னாய். ஒவ்வொன்றையும் சிமெண்டுத் தரையில் வைத்து ஆடுகிறதா என்று பார்த்தாய். உள்ளே கைவிட்டு அடியைத் தடவினாய். வாயை வெயிலுக்குக் காட்டி ஊசித்துளை தேடினாய். கடைசியில் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, விரல் முட்டியால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டாய். ஒன்று மந்தமாகச் சத்தம் கொடுத்தது.

"இதுல எங்கியோ விரிசல் இருக்கு."

"கப்பல்ல வந்த சரக்கும்மா, அசதியா இருக்கும்" என்றார் மரைக்காயர். பிறகு பொறுக்க முடியாமல், "நீங்க பானை வாங்க வந்தீங்களா, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா?" என்றார்.

நீ பானையிலிருந்து காதை எடுக்கவே இல்லை. "மாப்பிள்ளைய இப்படித் தட்டிப் பாக்க விட்டிருந்தா, இவரை எதுக்குக் கட்டியிருக்கப் போறேன்?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? கடைசியாகத் தட்டிய பானை கணீரென்று சொல்லிற்று. உன் முகம் மலர்ந்ததைப் பார்த்தே மரைக்காயர் இனி விலையைக் குறைக்கப் போவதில்லை என்று தெரிந்துகொண்டேன். பெயர் வெட்டித் தரட்டுமா என்று அவர் கேட்டதற்கு மட்டும், "ஊருல போயி ஊர் பேரோட வெட்டிக்கிறேன்" என்றாய்.

திரும்பி வரும்போது பானை உன் மடியில் இருந்தது. வண்டி குலுங்கிய இடத்திலெல்லாம் நீ வண்டியைப் பிடிக்கவில்லை, பானையைத்தான் பிடித்தாய். "அடி கனத்தப் பாத்தீங்களா? இதுல சோறு வச்சா காந்தலே விழாது" என்றாய். மறுநாள் அதில்தான் சோறு என்று நான் நினைத்தேன். நீ அதை வைக்கோல் சுற்றி, அரிசிச் சாக்கில் கட்டி, பலகைக் கட்டிலின் அடியில் தள்ளினாய்.

நம் லயத்தில் எல்லாக் கட்டிலின் அடியிலும் அப்படி ஒரு மூட்டை இருந்தது. ஊர்ச் சாமான் என்று பெயர். அஞ்சலைக்கு ஒரு குத்துவிளக்கு, கோடி வீட்டுக்காரருக்கு ஒரு செம்பு அண்டா. இங்கே இருப்பது கொஞ்ச நாள்தான், நல்லதெல்லாம் கப்பலேறி ஊரில் போய்த்தான் புழங்க வேண்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். பொங்கலுக்கு மூட்டைகளை அவிழ்த்து, புளி போட்டு விளக்கி, வெயிலில் காயவைத்து, ஆளுக்கு ஆள் காட்டிவிட்டு மறுபடி கட்டுவோம். பொங்கல்கூடத் தகரப் பானையில்தான் பொங்கிற்று.

உனக்கு அதில் இன்னொரு வீம்பும் இருந்தது. உன் அம்மா வீட்டில் இருந்த ஒரே வெண்கலப் பானை உன் அக்காவின் கல்யாணத்தோடு போய்விட்டது. நீ என்னோடு கப்பலேறியபோது கொடுத்தனுப்ப ஒன்றுமில்லை. "வெறுங்கையா வந்தவ பானையோட போயி எங்கம்மா அடுப்புல அத ஏத்தணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். கோலா சிலாங்கூர் போகும்போதெல்லாம் ஆற்று முகத்தில் நின்று கடலைப் பார்ப்பாய். பொழுது விழுகிற பக்கம் நம் ஊர் என்று யாரோ உனக்குச் சொல்லியிருந்தார்கள்.

ரப்பர் விலை விழுந்தது. பயணம் அடுத்த வருஷம் என்றானது, பிறகு அதற்கடுத்த வருஷம். ஒரு கடிதத்தில் உன் அம்மா போய்விட்ட சேதி வந்தது. அன்றைக்கு முறத்தில் உன் கை நிற்கவில்லை. கல்லும் அரிசியும் ஒன்றாக விழ, பொறுக்கிக்கொண்டே இருந்தாய். சில நாள் கழித்து நான்தான் சொன்னேன்.

"இனி யாருக்கு அது? எடுத்து அடுப்புல ஏத்து புள்ள."

"அம்மா போனா என்ன, ஊரு இருக்கே."

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. அன்றைக்கே சாக்கை அவிழ்த்து நானே உலை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு வேளை திட்டியிருப்பாய். மறுவேளை நல்ல சோறு தின்றிருப்பாய். இதை நினைக்காத நாள் இல்லை.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொடுத்த கசப்பு மருந்து ஒன்றும் கேட்கவில்லை. அஞ்சலை நம் தகரப் பானையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தாள். ஒரு வாய் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

"காந்தல் வாடை வருதுங்க."

அதுதான் ருசி என்றவள்தானே நீ! அத்தனை வருஷமும் அது உனக்குப் பிடிக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. கட்டிலின் அடியில் குனிந்தேன். நீ என் தோளைத் தொட்டு நிறுத்தினாய்.

"நீங்க ஏத்துனா வெறும் பானைய அடுப்புல வச்சு வெடிக்க விட்டுருவீங்க. நான் எந்திரிச்சதும் நானே உலை வைக்கிறேன்."

முதல் தடவையாக, ஊருக்குப் போய் என்று நீ சொல்லவில்லை. இங்கேயே, இந்த அடுப்பிலேயே என்கிற மாதிரிதான் சொன்னாய். நான் சந்தோஷப்பட்டேன், பைத்தியக்காரன். நீ எழுந்திருக்கவே இல்லை. உன்னை ஆற்றங்கரைக்குப் போகிற பாதையோரம் புதைத்தோம். பானை கட்டிலின் அடியிலேயே கிடந்தது.

இன்று அந்த வாடை வந்த பிறகு எனக்குப் பாயில் இருப்புக் கொள்ளவில்லை. சாக்கை அவிழ்த்தேன். வைக்கோல் மக்கிப் போயிருந்தது, பானை மங்கிப் போயிருந்தது. புளி போட்டுத் தேய்த்தேன், நீ தேய்க்கிற அளவுக்கு வரவில்லை. முதலில் தண்ணீரை ஊற்றினேன், பிறகுதான் அடுப்பில் ஏற்றினேன். வெடிக்க விடவில்லை, பார்த்துக்கொள்.

காந்தலுக்கு மன்னிப்புக் கேட்க எட்டிப் பார்த்த அஞ்சலை வாசலிலேயே நின்றுவிட்டாள். "அண்ணே, அது ஊர்ச் சாமானாச்சே! அக்கா ஊருக்குல்ல வச்சிருந்தாங்க?"

"உங்கக்கா எந்த ஊர்ல இருக்கா, தங்கச்சி?"

அவள் உன்னைப் புதைத்த பாதைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, விறகை உள்ளே தள்ளிக் கொடுத்துப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் கட்டிலை நகர்த்தும் சத்தம் பலகைக்கு அந்தப் பக்கம் கேட்டது. இப்போது அவள் வீட்டில் குத்துவிளக்கு எரிகிறது, பட்டப்பகலில்.

நான் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். எனக்கோ சமைக்கத் தெரியாது, எப்படியும் அடி பிடிக்கும். இன்றைக்காவது மேல்சோற்றை உனக்கென்று எடுத்து வைத்துவிட்டு, அடியில் இருக்கும் உன் பங்கை நான் தின்ன வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். தீயைக் குறைக்கவும் இல்லை. அஞ்சலைதான், "அண்ணே, வடிங்க, தீயப் போவுது" என்று பலகையைத் தட்டினாள். வடித்தேன். மேல்சோற்றை இலையில் எடுத்து உனக்கு வைத்தேன். பிறகு அகப்பையை அடிவரைக்கும் விட்டுச் சுரண்டினேன், மறுபடியும் சுரண்டினேன்.

இனி அது சாக்குக்குள் போகாது. அதில் பெயரும் வெட்டப் போவதில்லை, தட்டினால் வருகிற சத்தமே எனக்குப் போதும். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான் புள்ள. அடிவரைக்கும் வெள்ளைச் சோறு. என் கையில்கூடக் காந்தல் விழவில்லை.