கிரகணத்தால் அல்ல, அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

மஹாலட்சுமியின் வணக்கம். அப்பாவின் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? நான் பெர்லினில் சுகம். குளிர் பழகிவிட்டது.

போனில் சொன்னால் அழுவாய் என்றுதான் எழுதுகிறேன். பிரசவமான பெண்கள் தந்த நஞ்சுக்கொடியின் சிறு துண்டுகளை எங்கள் ஆய்வகத்தில் உயிரோடு வைத்து, ரூபெல்லா என்ற அம்மை வைரஸை விடுகிறோம். அது குழந்தையின் பக்கம் எப்படிப் போகிறது என்று பார்ப்பதே என் வேலை. நேற்று அது தாண்டிப் போயிருந்ததைக் கண்டேன். அப்புறம் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

தம்பி சிவராஜ் உன் வயிற்றில் மூன்று மாதமாக இருந்தபோது லேசான காய்ச்சலும் உடம்பெல்லாம் தடிப்பும் வந்ததாகச் சொல்வாயே, அதைப் பேராசிரியரிடம் சொன்னேன். "அவன் காது கேட்காமல் பிறந்ததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்" என்றார்.

"கிரகணத்துல வெளிய சுத்திக்கினு இருந்தா புள்ள இப்படித்தாம்மா பொறக்கும்" என்று அத்தை இனி சொன்னால் தலைகுனியாதே. அவள் மகள் தீபிகாவுக்குக் கல்யாணம் வருகிறதே, ரூபெல்லா தடுப்பூசி போட்டாயிற்றா என்று நீயே போய்க் கேள்.

ஞாயிற்றுக்கிழமை சிவராஜை வீடியோவில் வரச் சொல். கைஜாடையில் பேச இங்கே யாருமில்லை. விரல்களுக்கு மறந்துவிடும் போலிருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதினேன், பஸ் வந்துவிட்டது.

உன் மகள்,
மஹாலட்சுமி