பெயர் முக்கியமில்லாத ஊரில் ஒரு பெஞ்சு

மார்ச் 4, செவ்வாய்

வேலையில் சேர்ந்த புதிதில், ஏழாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "சார், இந்த மலையில இருக்கிறவங்களைப் பத்தி நாம படிக்கிறோமே, அது அவங்களுக்குத் தெரியுமா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். தெரியாதும்மா, தெரிஞ்சு அவங்களுக்கு என்ன ஆகப்போகுது, உட்காரு என்றேன்.

இன்று அவள் நினைவு வந்ததற்குக் காரணம் தபாலில் வந்த புத்தகம். முதல் அத்தியாயமே மலைவாசிகளைப் பற்றித்தான். ஐம்பது வருடங்களுக்கு முன் ஒரு மனிதர் பஸ்ஸிலேயே நாடு நாடாகச் சுற்றி எழுதியது. இப்போது அச்சில் இல்லை. கிடைத்த ஒரே பிரதியை எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருவர் படித்து அடுத்தவருக்கு அனுப்புகிறோம். நம் மொழி படிக்கிறவர்கள் எந்தெந்தக் கண்டத்திலோ இருக்கிறார்கள். புத்தகம் அவர்கள் எல்லாரையும் பார்த்துவிட்டு வருகிறது. ஓரத்தில் பென்சிலால் எதையும் எழுதலாம். ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. வட்டத்தை நடத்துகிற நர்ஸ் அந்த விஷயத்தில் கண்டிப்பு. எனக்கு அனுப்பியவர் ஒரு பல் டாக்டர். அடுத்து ஒரு லாரி ஓட்டுநர் காத்திருக்கிறார்.

மார்ச் 5, புதன்

பாலைவன அத்தியாயம் முடிந்தது. ஒட்டகக்காரரைப் பற்றிய கிண்டல் பிரமாதம். மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன்.

மார்ச் 7, வெள்ளி

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

இந்தப் புத்தகத்தில் என் அக்கா இருக்கிறாள்.

"பெயர் முக்கியமில்லாத ஒரு சிற்றூரில்" பஸ் பழுதாகி மூன்று நாள் தங்கினாராம். பெயர் முக்கியமில்லையாம். எங்கள் ஊர் ஐயா அது. இரண்டு முகம் உள்ள கடிகாரம், அதில் ஒரு முகம் எப்போதும் தாமதம் — வேறு எந்த பஸ் நிலையத்தில் இருக்கிறது? அந்தக் கடிகாரத்துக்குக் கீழே பெஞ்சு. அதில் தினமும் மாலையில் ஓர் இளம்பெண். மடியில் பச்சைக் கான்வாஸ் பை, இடது புருவத்தில் தழும்பு, கையில் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச். பஸ் வரும்போதெல்லாம் எழுந்து எட்டிப் பார்க்கிறாள். கடைசி பஸ் போனதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கனக்கும் பையோடு தனியே வீட்டுக்கு நடக்கிறாள். "வராத ஒருவனுக்காக அவள் ஆயுள் முழுக்கக் காத்திருப்பாள். அந்த வாட்ச் யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா?"

சொல்ல வேண்டாம். கேட்டிருக்க வேண்டும்.

அக்கா பஸ் பார்சல் ஏஜென்ட். வெளியூர்க்காரர்கள் டிரைவரிடம் கொடுத்தனுப்புவதை வாங்கி வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் தொழில். மருந்து, மூக்குக் கண்ணாடி, தையல் மெஷின் பெல்ட், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே. பஸ் வந்தால் எழுந்து நிற்காமல் படுத்துக்கொண்டா பார்ப்பாள்? வரும்போது காலிப் பை, போகும்போது கனக்கத்தானே செய்யும்? வாட்ச் அவளே கடைக்காரனிடம் மல்லுக்கட்டி வாங்கியது. அந்தக் கடிகாரத்தை நம்பி எவனாவது பஸ் பார்ப்பானா?

பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் எந்நேரமும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். பாடத்தில் கவனமில்லை என்று எல்லா ஆசிரியர்களும் எழுதினார்கள். நான் அருகில் போய்க் கேட்டேன். அப்பாவின் பூட்டு இல்லாத சைக்கிளைக் காவல் காக்கிறான். ஒரு கேள்வி, அவ்வளவுதான். இந்த மகானுக்கு அது முடியவில்லை. எதிர்க் கடையில் மூன்று நாள் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறான், ரோட்டைத் தாண்ட முடியவில்லை.

ஆளும் போய்ச் சேர்ந்தாயிற்று, பதிப்பகமும் மூடியாயிற்று. யாரோடு சண்டை போடுவது?

மார்ச் 8, சனி

ஓரங்களைப் படிக்காமல் இருந்திருக்கலாம்.

பல் டாக்டர்: "இங்கே அழுதுவிட்டேன்." ஒரு பேக்கரிக்காரர்: "அவன் வந்தானா இல்லையா?" ஒருவர் இதயம் வரைந்திருக்கிறார். இன்னொருவர்: "அவள் ஒரு நாளாவது ஏதாவது பஸ்ஸில் ஏறினாளா?" நர்ஸ்: "எல்லா ஊரிலும் இப்படி ஒருத்தி இருக்கிறாள்."

இல்லையம்மா. எங்கள் ஊரில் இல்லை.

முகம் தெரியாதவர்கள் எல்லாம் என் அக்காவுக்காக உச்சுக் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவள் இரண்டு தெரு தள்ளி, தன் வீட்டில், ரேடியோ சத்தமாக வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறாள்.

மனைவி சொன்னாள்: "எவனோ எப்பவோ எழுதினதுக்கு நீங்க ஏன் குதிக்கிறீங்க? உங்க அக்காகிட்ட காட்டுங்க. சிரிப்பாங்க." காட்ட மாட்டேன் என்றேன். இந்த வயதில் அவள் மனம் நோகக் கூடாது. "அவங்க மனசா, உங்க மனசா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். இவளுக்கு எல்லாமே விளையாட்டு.

மார்ச் 9, ஞாயிறு

புத்தகத்தை அனுப்பப் போவதில்லை என்று நர்ஸுக்குத் தெரிவித்தேன். அல்லது அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு அனுப்புவேன்.

உடனே போன் செய்துவிட்டார். நான் கத்தியதையெல்லாம் கேட்டுக்கொண்டார். கடைசியில், "சார், கிழிக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. தப்புன்னா பக்கத்துலயே எழுதுங்க. ஓரம் அதுக்குத்தானே விட்டிருக்கு" என்றார்.

ஓரம் போதாது. உண்மைக்கு இடம் வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

எழுதி முடித்தேன். மூன்று தாள். அந்த அத்தியாயத்தின் முடிவில் ஒட்டியிருக்கிறேன். நானே சொல்லக் கூடாது, நன்றாக வந்திருக்கிறது. தம்பியின் படிப்புக்காகத் தன் கல்யாணத்தையே துறந்தவள். மழையிலும் வெயிலிலும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து, தன்னை உருக்கி எங்களுக்கு வெளிச்சம் தந்தவள். அவள் காத்திருந்தது காதலனுக்காக அல்ல, என் எதிர்காலத்துக்காக. இந்த இடத்தில் என்னாலேயே மேலே எழுத முடியவில்லை, கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருந்தது.

இப்போது படிக்கட்டும் உலகம்.

மார்ச் 13, வியாழன்

பொட்டலம் கட்டி மனைவியிடம் கொடுத்தேன், தபாலில் சேர்க்கச் சொல்லி. நெஞ்சுக்குள் ஒரு வாரமாகக் கிடந்த பாரம் இறங்கியது.

மார்ச் 14, வெள்ளி

மனைவி தபாலாபீஸ் போகவில்லை. அந்தப் பக்கம் போன அக்காவிடம் கொடுத்துவிட்டிருக்கிறாள். வேண்டுமென்றேதான் செய்தாளா? கேட்டால், "கால் வலிச்சுது" என்கிறாள்.

அக்கா பார்சலைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். கயிறு ஒரு பக்கம் தொங்குகிறது, மூலை பிதுங்குகிறது. அவளால் அதை அப்படியே அனுப்ப முடியாது. பிரித்துத் திருப்பிக் கட்ட உட்கார்ந்திருக்கிறாள். ஒட்டிய தாள் மூன்றும் புடைத்துக்கொண்டிருக்க, புத்தகம் அந்த இடத்திலேயே திறந்திருக்கிறது.

காலையில் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏண்டா, வாத்தியாரா இருந்தவன் பார்சல் கட்டுற லட்சணமா இது?"

பிறகு புத்தகத்தை மேஜையில் வைத்தாள். நான் ஆரம்பித்தேன் — அந்த ஆள் என்ன அநியாயம் செய்திருக்கிறான் பார் என்று. கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அந்த ஆளை விடு. அவன் என்னைத் தெரியாம எழுதினான். நீ தெரிஞ்சு எழுதியிருக்க."

எனக்குப் புரியவில்லை. உண்மையைத்தானே எழுதினேன் என்றேன். என் காலேஜ் பீஸை நீதானே கட்டினாய் என்றேன்.

"கட்டினேன். கையில இருந்துச்சு, கட்டினேன். அதுக்காகவா வேலைக்குப் போனேன்? நீ படிக்காம மாடு மேய்ச்சிருந்தாலும் நான் பார்சல்தான் எடுத்திருப்பேன். எனக்கு அந்த வேலை பிடிச்சுது. பஸ் ஸ்டாண்டுல எனக்குப் பயப்படாத டிரைவர் கிடையாது."

கல்யாணம், என்றேன்.

"வேண்டாம்னேன். மூணு பேர் வந்து கேட்டாங்க, மூணு பேரையும் வேண்டாம்னேன். உன்கிட்ட யார் சொன்னது உனக்காகன்னு?"

யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும் என்றுதான் —

"அவன் என்னை அழுமூஞ்சி ஆக்கினான். நீ மெழுகுவத்தி ஆக்கிட்ட. நடுவுல நான் எங்கடா?"

சொல்லிவிட்டு, ஒட்டியிருந்த தாள்களைப் பிய்த்தாள். மெதுவாக, புத்தகத்தின் பக்கம் கிழியாமல், ஸ்டாம்பை உரிக்கிற மாதிரி. என் மடியில் போட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.



மார்ச் 15, சனி

நன்றி கெட்டவள் என்று எழுதி அடித்தேன். யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்? அவள்தானே கட்டினாள். என்ன எழுதுகிறேன் நான்.

ஆனாலும் கோபம் ஆறவில்லை. ஐம்பது வருடமாக மேடை கிடைத்த இடமெல்லாம் அவள் தியாகத்தைச் சொல்லியிருக்கிறேன். பணி ஓய்வு விழாவில் சொன்னேன். அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அப்போதே மறுத்திருக்கலாமே? ஏன் வாயை மூடிக்கொண்டு இருந்தாள்?

மார்ச் 16, ஞாயிறு

மனைவியிடம் அதையே கேட்டேன். "அத்தனை பேர் நடுவுல தம்பி அழுதுகிட்டு நிக்கிறான், எந்த அக்கா எழுந்து அது பொய்னு சொல்லுவா?" என்றாள்.

மார்ச் 18, செவ்வாய்

அக்கா வீட்டுக்குப் போனேன். ரேடியோவை நிறுத்தவில்லை. புத்தகம் திறந்திருந்தது, மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பென்சிலைக் கூராக்கிக்கொண்டிருந்தாள்.

ஓரத்தில் எழுதிக்கொண்டிருக்கிறாள். கேட்டவர்களுக்கெல்லாம் பதில். பேக்கரிக்காரருக்கு: "வந்தான். ஏழு மணி பஸ் டிரைவர். தினமும் பார்சலோடு." வாட்சுக்குப் பக்கத்தில்: "என்னுடையது. இன்றும் ஓடுகிறது." பல் டாக்டருக்கு: "அழாதீர்கள். அது டீசல் புகை." இதயத்துக்குப் பதிலாக அவளும் ஒன்று வரைந்திருந்தாள், கொஞ்சம் கோணலாக. பல வருடம் பார்சல் மேல் முகவரி எழுதிய கை. அச்சு மாதிரி இருக்கிறது.

ஏதாவது பஸ்ஸில் ஏறினாளா என்று கேட்டவருக்கு: "ஏறினேன். மூன்று தடவை. எங்கே என்று சொல்ல மாட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கே போனாய், எப்போது என்றேன். வீட்டில் அவள் இல்லாத ஒரு நாள்கூட என் நினைவில் இல்லை.

"நீ அப்போ பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்த."

சொல்லிவிட்டு மறுபடி பென்சிலைக் கூராக்கினாள். அந்த ஆள் மேல் இருந்த கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது? ரோட்டைத் தாண்டவில்லை என்று அவனைத் திட்டினேன். எனக்குத் தாண்ட ரோடுகூட இல்லை, ஒரே வீடு.

மார்ச் 20, வியாழன்

புத்தகம் போய்விட்டது. அக்காவே கட்டினாள்.

மே 27, செவ்வாய்

நர்ஸ் போன் செய்தார். என்னிடம் அல்ல, அக்காவிடம். லாரி ஓட்டுநர் படித்து முடித்துவிட்டாராம். அவர் அக்காவுக்கென்று தனியாக ஒரு தாள் வைத்து அனுப்பியிருக்கிறார், எந்தச் சாமான் ஏற்றிப் போவது கஷ்டம் என்று தொழில்காரர் தொழில்காரரிடம் கேட்கிற கேள்வி. கண்ணாடி என்று அக்கா பதில் எழுதினாள். வட்டத்தில் அவள் பெயரும் சேர்ந்துவிட்டது. அடுத்த புத்தகம் எனக்கு முன்னால் அவளுக்குத்தான் போகும். எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

வியாழக்கிழமைகளில் போகிறேன். உட்கார்ந்து கேட்கிறேன். வாத்தியார் மாதிரி கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள். சும்மா கேட்டால் சொல்கிறாள். பஸ் ஏறிய அந்த மூன்று தடவையில் ஒன்று கடல் பார்க்கப் போனதாம். தனியாகவா என்று கேட்டதற்கு ரேடியோவைக் கூட்டினாள்.

வட்டத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் புத்தகத்தோடு ஒரு துண்டுச் சீட்டு வைக்கலாம் என்று நர்ஸ் சொன்னார். நான் எழுதுவதை முதலில் அக்காவிடம் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். அடித்து அடித்து ஒரு வரிக்குக் கொண்டுவந்துவிட்டாள். அதுவே போகிறது:

நாளைக்கு, நீங்கள் போகும் வழியில் எப்போதும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவரிடம், என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை நில்லுங்கள்.