எந்தப் ‘போதும்’

ஜூன் 9
சீசன் டிக்கெட் புதுப்பிக்கச் சொல்லி கொக்குகள் கூடைப்பந்து அணியின் நீல உறை வந்திருக்கிறது. அக்டோபர் முதல் மே வரை சொந்த அரங்கில் முப்பது ஆட்டங்கள். இடது பக்கம், இரண்டாவது வரிசை, 21, 22. பதினோரு வருடமாக அதே இடம். 21 நான், 22 மிசாவோ. ஜூலை பத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

காலையில் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். மிசாவோ அதன் மேல் சோயா சாஸ் புட்டியை வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். முப்பது வருடக் குடித்தனத்தில் ஒரு புட்டி என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்கு மூளை இருக்கிறது.

ஜூன் 10
மே மாதப் பக்கங்களைப் புரட்டினேன். கடைசி ஆட்டத்து நாளில் தேதி மட்டும் போட்டுவிட்டு ஒன்றும் எழுதவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். நேரம் முடிந்தே விட்டது, சசாமோரிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ மட்டும் பாக்கி. ஒன்று விழுந்தால் சமன், இரண்டும் விழுந்தால் முதல் பிரிவில் நீடிக்கலாம். சசாமோரி இந்த ஊர்ப் பையன். முப்பத்தைந்து வயது. பதினான்கு வருடம் வேறு அணிக்குப் போகாதவன். நம் ஆள் கோட்டில் நிற்கும்போது நம் அரங்கில் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காது. மூன்றாயிரம் பேர் அப்படி வாயை மூடிக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. அந்த அமைதியில் நான் கத்தினேன்.

“போதும்!”

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் நாள் முழுக்கக் கத்துகிற தொண்டை. மேல் வரிசைவரை கேட்டிருக்கும். சசாமோரி திரும்பிப் பார்த்தான். அடுத்த பந்து வளையத்தைக்கூடத் தொடவில்லை. கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபடியே மிசாவோ சொன்னாள்: “அந்தப் பையனுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுங்க. இல்லன்னா இனிமே உங்க பக்கத்துல உக்கார மாட்டேன்.”

எழுதினேன். ஆனால் கை வேறு எதையோ எழுதியது. ‘நீங்கள் இந்த ஊருக்குச் செய்தது போதும், இனி வருந்தாதீர்கள் என்ற பொருளில்தான் அப்படிச் சொன்னேன். தவறாக ஒலித்திருந்தால் மன்னிக்கவும்.’ ஜப்பானியர்களான நாங்கள் ஒரு நாளைக்கு நாற்பது தடவை மன்னிப்புக் கேட்கிற ஜனங்கள். செய்தது இன்னது என்று சொல்லிக் கேட்பது மட்டும் வராது. அந்தச் சொல்லுக்கு இரண்டு முகம் இருப்பது எனக்கு வசதியாகப் போய்விட்டது.

ஜூன் 14
அணியின் ரசிகர் மலரில் என் கடிதத்தை அச்சடித்துவிட்டார்கள்! ‘ஓர் ஆதரவாளரின் கனிந்த சொல்’ என்று தலைப்பு வேறு.

பின் வரிசையில் உட்காரும் மருந்துக்கடை குசாக்கா போன் செய்தார். “கமதா சான், கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. உங்களுக்குள்ள இப்படி ஒரு மனுஷன் இருக்கான்னு எனக்குத் தெரியாமப் போச்சே! நானும் நீங்க திட்டுறீங்கன்னுல்ல நெனச்சேன்.”

மிசாவோ மலரை நின்றுகொண்டே படித்தாள். மடித்து வைத்தாள். “ஏங்க, உங்ககூட முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். அது எந்தப் ‘போதும்’னு எனக்குத் தெரியாதா?”

குளிக்கப் போய்விட்டேன்.

ஜூன் 15
இன்று ஒரு கல்லூரிப் பெண் மூன்று தடவை வண்டியை நடைபாதையில் ஏற்றினாள். “பரவாயில்லை” என்றேன். நான் திட்டாததைக் கண்டு பயந்துபோய் நான்காவது தடவையும் ஏற்றினாள்.

ஜூன் 22
சசாமோரி ஓய்வு பெறுகிறான்.

உள்ளூர்ப் பத்திரிகையில் பாதிப் பக்கம். இன்னும் ஒரு வருட ஒப்பந்தம் தருவதாக அணி சொல்லியிருக்கிறது. இவன் வேண்டாம் என்றிருக்கிறான். காரணம் கேட்டதற்கு, ‘ஒரு ரசிகர் அன்பாக ஒரு கடிதம் எழுதியிருந்தார். செய்தது போதும் என்றார். படித்ததும் மனது லேசாகிவிட்டது. நிறுத்த வேண்டிய நேரம் இதுதான் என்று புரிந்தது.’

அன்பாக. அன்பாக!

சாப்பிட முடியவில்லை. மிசாவோ என் பாத்திரத்தை எடுத்துக் கழுவிவைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஜூன் 23
மழை.

ஜூன் 29
இங்கே யாரும் படிக்கப்போவதில்லை. உண்மையை எழுதினால் என்ன?

வெளியே போ என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். அதற்குப் பின்னால் ‘தண்டச்சோறு’ என்ற சொல்லும் தொண்டைவரை வந்தது. மிசாவோ கையைப் பிடித்து அழுத்தியதால் உள்ளேயே நின்றது. பதினான்கு வருடம் இந்த ஊருக்காக ஓடியவனை அப்படி நினைத்தேன். ஏன்? தோற்பது அவ்வளவு பெரிய விஷயமா? எனக்கு இந்த ஊரில் வேறு என்ன இருக்கு? வேலை, வீடு, குளிர். வாரக்கடைசியில் அந்த இரண்டு மணி நேரம். அதைப் பறிச்சுட்டானேன்னு — அவனா பறிச்சான்?

ஜூலை 3
மருந்துக்கடையில் குசாக்கா பிடித்துக்கொண்டார். அடுத்த சீசன் கதையை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். நான்கு பேர் வேறு அணிக்குப் போய்விட்டார்கள். புதுப் பயிற்சியாளர் மூன்று வருடத் திட்டம் வைத்திருக்கிறாராம்: முதல் வருடம் தோற்போம், இரண்டாம் வருடம் கற்போம், மூன்றாம் வருடம் ஏறுவோம். கொக்கு தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற கதைதான்.

“இன்னொண்ணு கேளுங்க,” என்று குரலைத் தாழ்த்தினார். “புதுசா எடுத்த பையனுக்குக் கணுக்கால் போச்சு. பயிற்சியாளர் சசாமோரி வீட்டுக்கே போய்க் கேட்டாராம். ஆட்டக்காரங்க பட்டியல் இந்த மாசம் முப்பத்தொண்ணு வரைக்கும் கொடுக்கலாம், யோசிச்சுச் சொல்லுன்னு. அவன் மாட்டேன்னுட்டான். எல்லாம் நீங்க எழுதுன எழுத்துங்க. அவ்வளவு உருக்கம்!”

வீட்டில் சொன்னேன். மிசாவோ கத்திரிக்காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

“போய்ச் சொல்லுங்க.”

“என்னன்னு?”

“நெசத்த.”

“ஊரே சிரிக்கும்டி.”

“சிரிக்கட்டுமே. இப்ப ஊரே உங்கள நெனச்சு அழுவுதே, அது நல்லாருக்கா?”

ஜூலை 8
போனேன். சசாமோரி அக்காள் புருஷனின் டயர் கடையில் ஒத்தாசைக்கு நிற்கிறான். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து இடுப்புவரை குனிந்தான். “கமதா சான்! உங்களத் தேடி வரணும்னு இருந்தேன். அந்தக் கடிதத்துக்கு நன்றி சொல்லவே இல்ல.”

“டயர் பார்க்க வந்தேன்,” என்றேன். சிரித்த முகம் மாறாமல் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான். எதையாவது வாங்காமல் எப்படித் திரும்புவது? பனிக்கால டயர் நான்கு வாங்கிக்கொண்டு வந்தேன். ஜூலை மாத வெயிலில்.

மிசாவோ வண்டியின் பின்னால் எட்டிப் பார்த்தாள். “சொல்லிட்டீங்களா, இல்ல டயர் மட்டுந்தானா?”

ஜூலை 10
இரண்டு இருக்கையையும் புதுப்பித்தேன். “எனக்கு என் சீட்டு வேணும். உங்க பக்கத்துல உக்காருவேன்னு அர்த்தம் இல்ல,” என்றாள். 22 எப்போதும் 21க்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்று சொல்ல நினைத்தேன்.

ஜூலை 19
நாளைக்குப் போகலாம்.

ஜூலை 24
பள்ளியில் கூட்டம். நாளைக்கு.

ஜூலை 30
கடைவரை போனேன். உள்ளே வாடிக்கையாளர் இருந்தார்கள். வண்டியை நிறுத்தாமல் வந்துவிட்டேன். மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேர் முன்னால் எப்படிச் சொல்வது? — ஒரே ஒருவர்தான் இருந்தார். இங்கேயுமா பொய்?

ஆகஸ்ட் 1
பட்டியல் வந்துவிட்டது. பதிமூன்று பெயர்கள். சசாமோரியின் எண்ணான 14க்கு எதிரே யாரும் இல்லை.

ஆகஸ்ட் 2
சொல்லிவிட்டேன்.

கடை திறக்கும் முன்னாலேயே போய் நின்றேன். அவன் ஷட்டரைத் தூக்கும்போதே சொன்னேன். “அந்தக் கடிதம் பொய். திட்டத்தான் செஞ்சேன். வெளிய போடாங்கிற அர்த்தத்துலதான் சொன்னேன். பொண்டாட்டிக்குப் பயந்து மாத்தி எழுதுனேன்.”

ஷட்டரைப் பாதியில் பிடித்தபடி நின்றான். ஆறடி மூன்றங்குல ஆள், கைகளை மேலே வைத்தபடி. பிறகு மெதுவாக முழுவதும் தூக்கிவிட்டுப் பேசினான்.

“அன்னிக்குக் கேட்டப்ப எனக்குக் கோவம் வந்துச்சுங்க. நல்லா வந்துச்சு. அந்தக் கோவத்துல தெனம் ஐநூறு ஃப்ரீ த்ரோ போட்டேன். அந்தாளு வாய அடைக்கணும்னு. அப்புறம் உங்க கடிதம் வந்துச்சு. கோவம் போயிருச்சு. கோவம் போனதும் முட்டி வலிக்க ஆரம்பிச்சுது.”

“இப்ப மறுபடி—”

“பட்டியல் முந்தாநாள் போயிருச்சுல்ல, கமதா சான்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் இன்னிக்கு வந்தீங்களா?”

அவன் குரலை உயர்த்தவில்லை. நான் தரையைப் பார்த்தேன். பட்டியல் வெளியான பிறகுதான் என் கால் நகர்ந்தது. இனி எதுவும் மாறாது என்று ஆன பிறகு உண்மை சொல்வது சுலபம். அதனால்தானா? ஆமாம். அதனால்தான்.

“சொன்னதுக்கு நன்றி,” என்று குனிந்தான். போன தடவைபோல இடுப்புவரை இல்லை. புது ஆளுக்குக் குனிகிற அளவுக்கு. உள்ளே போய் வேலையைப் பார்த்தான்.

ஆகஸ்ட் 3
மிசாவோவிடம் எல்லாம் சொன்னேன். தேதியையும் சொன்னேன். “ரெண்டு நாளு,” என்றாள். “ரெண்டே ரெண்டு நாளுங்க.” அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அழுதாள் என்று நினைக்கிறேன். எனக்கும் அழவேண்டும்போல இருந்தது, ஆனால் எனக்கு என்ன உரிமை?

செப்டம்பர் 14
பயிற்சி ஆட்டம். கல்லூரி அணியிடம் தோற்றோம். குசாக்கா சொன்னார், சசாமோரியை அணி அலுவலகத்தில் வேலைக்கு எடுத்துக்கொண்டார்களாம். இந்த வருடம் ரசிகர்களைக் கவனிக்கும் பொறுப்பு அவனுக்கு. “உங்க ஆளு இனி நம்ம கூடவே இருப்பாருங்க,” என்றார். உங்க ஆளு.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஊர் இன்னும் என்னை நல்லவன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது.

அக்டோபர் 5
சொந்த அரங்கில் முதல் ஆட்டம். போன வருடம் வாசலுக்கு வெளியேவரை வரிசை நிற்கும். இன்று வரிசையில் நிற்காமலே உள்ளே போகலாம் என்கிற அளவுக்குத்தான் கூட்டம். மிசாவோவும் வந்தாள். பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில்.

நகராட்சி அரங்கம் என்பதால் வெளிச் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டு, வீட்டுச் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் படியருகே நீலக் கோட்டு போட்டு நின்றிருந்தான் சசாமோரி. சொந்த ஆட்டத்துக்கு வருகிறவர்களை எங்கள் அணியில் ‘வாங்க வாங்க’ என்று விருந்தாளியைப்போல அழைப்பதில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சொல்வதையே சொல்வார்கள்.

“வந்துட்டீங்களா, குசாக்கா சான்!”

“வந்துட்டேம்பா, வந்துட்டேன்!”

“வந்துட்டீங்களா, மிசாவோ சான்!”

“வந்துட்டேன்,” என்றாள் மிசாவோ.

அடுத்தது நான். நேராக நின்று, இரண்டு கையையும் தொடையோடு சேர்த்து வைத்து, ஒழுங்காகக் குனிந்தான்.

“வணக்கம் சார். டிக்கெட்டக் காட்டுங்க.”

இந்த வாசலில் யாரும் என்னிடம் டிக்கெட் கேட்டதில்லை. எந்தப் பையில் வைத்தேன் என்றே தெரியாமல் தேடினேன். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். எடுத்துக் கொடுத்தேன். எண்ணை நிதானமாகப் படித்துவிட்டு, கையை நீட்டி வழி காட்டினான்.

“இடது பக்கம் சார். ரெண்டாவது வரிசை.”