மோர்ப் பந்தலில் மைப்பெட்டி

1977

ஜூலை 23, சனி

வெயில். ஆடி என்பது காலண்டரில் மட்டும். காலையில் டேங்கர் வால்வு கசிவு. பழைய டியூப் ரப்பரில் வாஷர் வெட்டிப் போட்டேன். தாங்கும்.

காலனிக்கு ஒரு நடை தண்ணீர். கெமிக்கல் கம்பெனி கழிவை ஓடையில் விட ஆரம்பித்ததிலிருந்து காலனிக் கிணறு போச்சு. அதில் சோறு வடித்தால் மஞ்சள். பால் ஊற்றினால் திரிகிறது. டேங்கர் வராத நாளில் அதைத்தான் குடிக்கிறார்கள். ரோசம்மாக்காவின் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

டேங்கர் எங்கள் அறக்கட்டளையுடையது. நான் அதற்கு மெக்கானிக், பம்ப் ஆபரேட்டர், எல்லாம். மூன்று வருஷ டிப்ளமோ இதற்குத்தான்.

டேங்கர் ஒரு தீர்வா? கழிவை நிறுத்த வேண்டும். தாசில்தாருக்கு மனு ரெடி, அறக்கட்டளை லெட்டர்ஹெட்டில். ஆனால் காலனியில் ரேகை வைக்கப் பயம். வீட்டுக்கு ஓர் ஆள் அந்தக் கம்பெனியில். பெயர் தெரிந்தால் மறுநாள் கேட்டிலேயே நிறுத்துவான்.

யோசனை: நாளை பெரியபாளையம் நடந்து போகிறவர்களுக்கு நம் மோர்ப் பந்தல். காலனிப் பெண்கள் கூட்டத்தோடு கூட்டமாக வந்து ரேகை வைக்கட்டும். பெயர் வேண்டாம். யாருக்குத் தெரியப்போகிறது?

அறக்கட்டளைச் செயலாளரிடம் கேட்கவில்லை. கேட்டால் தை மாதம் பதில் சொல்வார்.

ஜூலை 24, ஞாயிறு

நாசம்.

மோர்ப் பானை பக்கத்தில் மைப்பெட்டி. காலனிப் பெண்கள் முதலில் வந்தார்கள், ரேகை வைத்தார்கள், மோர் குடித்தார்கள். அதுவரை சரி. நான் பின்னால் டிரம் குழாயோடு மல்லுக்கட்டப் போனேன். பின்னாலேயே ஆந்திரா சூளூர்ப்பேட்டை கூட்டம், மஞ்சள் சேலை, வேப்பிலை. ரேகை வைத்தால்தான் மோர் என்று நினைத்துவிட்டார்கள். ரேஷன் கடை மாதிரி. வரிசையாக வைத்துத் தள்ளிவிட்டார்கள்.

மோர் ஊற்றியது டிரைவர் முனுசாமி. கத்தினேன்.

"நான் இன்னா கண்டேன் நைனா? அல்லாரும் வெக்கிறாங்கோ. ஒரு பெரியம்மா ரெண்டு கிளாஸு குடிச்சிட்டு ரெண்டு கையும் வெச்சிட்டுப் போச்சு. நாணயமான பொம்பள."

எது காலனி ரேகை, எது ஆந்திரா ரேகை? பிரிக்க வழியில்லை. பெயர் வேண்டாம் என்றவன் நான்தான்.

ஜூலை 25, திங்கள்

பொன்னேரி. பஸ்ஸில் நின்றே போனேன். மனுவைக் கொடுத்துவிட்டேன். ரேகை ரேகைதான்.

கிளார்க் தாள்களைப் புரட்டினார். "இத்தினி ஜனமாய்யா உங்க காலனில?"

ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 3, புதன்

திருவள்ளூர் வரச்சொல்லி ஆள் அனுப்பினார் செயலாளர். ஓய்வுபெற்ற வக்கீல். கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார், திருமண் ஈரம் காயவில்லை. கம்பெனி மேனேஜர் வருமான வரி ஆபீசுக்குப் புகார் எழுதியிருக்கிறான், தாசில்தாருக்கும் நகல். தர்ம ஸ்தாபனம் மோர் கொடுத்து, ஆந்திரா பக்தர்களிடம்கூட ரேகை வாங்கி அரசியல் பண்ணுகிறதாம்.

"தாகத்துக்குத் தண்ணி கொடுக்கறது தர்மம். சர்க்கார் இதை மூடணும், அதைத் திறக்கணும்னு ஜனங்களைத் திரட்டினா அரசியல்னுதான் சட்டம் பாக்கும்."

"கிணறு ஏன் கெட்டதுன்னு கேக்கறது தர்மம் இல்லையா சார்?"

"கேளு. உன் பேர்ல கேளு. டிரஸ்ட் பேர்ல, அதுவும் மோரை நீட்டிண்டு கேக்காதே. வரி விலக்கு போனா நன்கொடை நிக்கும். நன்கொடை நின்னா டேங்கர் நிக்கும். அப்புறம் அந்தக் குழந்தைகள் எதைக் குடிக்கும்? சொல்லேன்."

எரிச்சலே அதுதான். மனுஷர் முட்டாள் இல்லை.

முடிவு: நான் நேரில் போய் மனுவை வாபஸ் வாங்கும்வரை டேங்கர் ஷெட்டை விட்டு நகரக்கூடாது.

ஆகஸ்ட் 4, வியாழன்

போகவில்லை. என்ன செய்துவிடுவார்கள்? ஷெட்டில் உட்கார்ந்து கார்புரேட்டர் கழற்றினேன். ஒரு கோளாறும் இல்லை அதில்.

காலனிக்காரன் கேட்க முடியாது, வேலை போகும். அறக்கட்டளை கேட்கக்கூடாது, விலக்கு போகும். அப்போ யார்தான் கேட்பது? கிணறா?

ஆகஸ்ட் 5, வெள்ளி

இன்றும் போகவில்லை. மாலை முனுசாமி: "நீ முறுக்கிக்கினு குந்து நைனா. அங்க ஜனம் கெணத்துல மொண்டுகினு கீது."

கழற்றிய கார்புரேட்டரைத் திரும்ப மாட்டினேன்.

ஆகஸ்ட் 6, சனி

விடிந்ததும் செய்தி. ரோசம்மாக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு. கண் செருகிவிட்டதாம்.

ஓடினேன். முதலில் தாலுகா ஆபீஸ். வாபஸ் என்று எழுதிக் கையெழுத்து. கிளார்க் சிரித்தார். "ஆந்திராக்காரன் ரேகைய வெச்சிக்கினு நம்மூரு கெணத்துக்கு மனுவா? ஷோக்கான ஆளுய்யா நீ." பக்கத்து மேஜையும் சிரித்தது. டீக்கடை போனில் ஷெட்டுக்குச் சொன்னேன்: வண்டியை எடு.

ஆஸ்பத்திரி. குழந்தைக்கு சலைன் ஏறுகிறது. கால் குச்சி. டாக்டர் எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார். ரோசம்மாக்கா தரையில்.

"வாபஸ் வாங்கிட்டியா தம்பி?"

"டேங்கர் வந்துடும்க்கா."

"வரும். நாளிக்கி ஒனக்கும் அந்த ஐயருக்கும் சண்டன்னா நின்னுடும். வேற எழுது. ஏம் பேரு போட்டு எழுது."

"உன் வீட்டுக்காரர் வேலை போயிடும்."

"போவட்டும்."

"யோசிச்சு சொல்லுக்கா."

"இந்தப் புள்ளைய மடில வெச்சிக்கினு யோசிச்சாச்சு. எழுதுடான்றேன்."

நர்ஸிடம் வெள்ளைத்தாள் வாங்கினேன். அறக்கட்டளை என்ற சொல் எங்கும் இல்லை. ரோசம்மாள், கணவர் பெயர், காலனி. கிணறு கெட்டது எதனால். இவ்வளவுதான். ஒரே பக்கம்.

பையில் மைப்பெட்டி காய்ந்து கிடந்தது. அக்கா பக்கத்தில் ஒரு பாட்டில், வீட்டிலிருந்து குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர். கிணற்றுத் தண்ணீர். வேறென்ன இருந்திருக்கும்? அதைத்தான் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்தாள். மை பிடித்தது.

ஒரே ரேகை. யாருடையது என்று இந்தத் தடவை எவனும் கேட்க முடியாது.

"பேரைப் பெருசாப் போடு" என்றாள்.

போட்டேன்.