பாரம் தாங்காத சுவர்

மாமா,

இன்று காலை எதிர்வீட்டில் ஓர் உள்சுவரை இடித்தார்கள். பழைய சுண்ணாம்புத் தூசி சன்னல் வழியே வந்து மூக்கில் ஏறியது. உங்கள் வேலைச் சட்டையின் மணம் அது.

மூன்று முறை கருத்தரித்து, மூன்றும் மூன்றாம் மாதத்திலேயே கலைந்த பிறகு காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நானும் உங்கள் மகனும் உள்ளே இருந்தோம். துணைக்கு வந்த நீங்கள் வெளியே பெஞ்சில்.

"கர்ப்பப்பை நடுவுல சுவர் மாதிரி ஒரு சதை இருக்கும்மா. பிறவியிலேயே அப்படி. அதுல ரத்த ஓட்டம் கம்மி, கரு அங்க ஒட்டினா நிலைக்கிறது கஷ்டம். எடுத்துடலாம்," என்றார் டாக்டரம்மா.

அதை எடுக்கப்போய் கர்ப்பப்பையே கெட்டுவிட்டால்? டாக்டரம்மா நீட்டிய சம்மதத் தாளை உங்கள் மகன் பக்கம் தள்ளினேன். அவர் என் பக்கமே திருப்பித் தள்ளினார்.

சுவர் என்று காதில் விழுந்ததும் நீங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டீர்கள். நாற்பது வருடம் கொத்து வேலை பார்த்தவர் அல்லவா?

"டாக்டரம்மா, அது பாரம் தாங்குற சுவரா, தடுப்புச் சுவரா?"

அவர் சிரித்துவிட்டார். "தடுப்புதான் பெரியவரே. வயித்தக் கிழிக்க வேணாம். கீழ் வழியாவே குழாய் விட்டு எடுத்துடலாம்."

"அப்ப இடிச்சிடலாம்மா. மேல்தளம் அப்டியே நிக்கும்," என்றீர்கள் என்னிடம். பள்ளியில் ஒரு கணக்கைப் பத்து விதமாகச் சொல்லிக்கொடுக்கும் எனக்கு அந்த உதாரணம் தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

நம் ஊர் காவாந்தண்டலம் திரும்பியபோது உங்கள் அக்கா வாசலிலேயே காத்திருந்தார்.

"இன்னாடா சொன்னாங்க? உம் புள்ளைக்கு வயசு போய்க்கினே கீது. வேற பொண்ணு பாக்கலாமா, வேணாமா?"

"கர்ப்பப்பை உள்ள ஒரு சுவரு கீதாம். எடுத்தா சரியாப்பூடும்."

"கர்ப்பப்பைன்னு வாசல்ல நின்னு ஆம்பள பேசுற பேச்சாடா இது?"

"அந்தச் சுவர அவளா கட்டினா? கட்டாத சுவருக்கு அவளத் திட்டிக்கினு கீற, அது மட்டும் பேசுற பேச்சா?"

உங்கள் குரல் தெரு முழுக்கக் கேட்டது. அதன்பின் வேறு பெண் பற்றிய பேச்சே எழவில்லை.

சுவரை எடுத்த அடுத்த ஆண்டு, நான்காவது கரு மூன்றாம் மாதத்தைத் தாண்டியது. ஐந்தாவதை, ஏழாவதைத் தாண்டியது. பத்தாம் மாதம் உங்கள் பேத்தி ஊரைக் கூட்டும் அழுகையோடு வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடைக்காரர் வரை எல்லாரிடமும், "எம் மருமவ ஜெயிச்சிட்டா" என்றீர்கள். தாத்தா ஆனதைச் சொல்லவே மறந்துவிட்டீர்கள்.

பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், நான் இப்போது குடியிருக்கும் உத்திரமேரூரில் கரு நிலைக்காத பெண்கள் என்னைத் தேடி வருகிறார்கள். எல்லாருக்கும் ஒரே கோளாறு இல்லை, சிலருக்கு எதையும் எடுக்கவே வேண்டாம் என்றும் சொல்லி, தாளில் வரைந்து காட்டுகிறேன். ஸ்கேனுக்குக் கூடவே பஸ் ஏறுகிறேன். அவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் தாழ்த்துவதில்லை, மாமா. கர்ப்பப்பை என்று பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படியே சொல்கிறேன்.