மவாஹிப் பெயரால் வைத்த ஜாடிகள்

மவாஹிபின் அப்பா பாபிகிருக்கு,

உங்கள் நிஃமத் எழுதுவது. ஜித்தா வெயிலிலிருந்தும் முதலாளியின் வாயிலிருந்தும் அல்லாஹ் உங்களைக் காப்பானாக. நான் நலம். இங்கே போன் இன்னும் வேலை செய்யவில்லை. கப்பலேறி அங்கே வரும் உங்கள் தம்பியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தாகத்தோடு இறந்துபோன நம் மகளுக்காக, வழிப்போக்கர்கள் குடிக்கட்டும் என்று வேப்பமரத்தடியில் வைத்தீர்களே, மூன்று மண் ஜாடிகள், அவற்றை நான் உடைத்துவிட்டேன். திட்டுவதானால் முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

குழாயில் தண்ணீர் நின்று இரண்டு மாதமாகிறது. கழுதை வண்டிக்காரர் ஈசா ஆற்றில் மொண்டு வந்ததைத்தான் ஜாடிகளில் ஊற்றினேன். சுகாதாரக் குழுப் பெண் இஸ்லாஹ் ஆரம்பத்திலேயே குளோரின் புட்டி கொடுத்து, ஜாடிக்கு எத்தனை சொட்டு என்றும் சொல்லிவிட்டுப் போனாள். நான் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மருந்து நாற்றமடித்தால் வழிப்போக்கர்கள் துப்பிவிட்டுப் போவார்கள், பிள்ளைக்காக துஆ செய்ய மாட்டார்கள் என்று பயந்தேன். என் புத்தி அப்படிப் போயிற்று.

போன வாரம் பக்கத்து வீட்டு பதூலின் மகன் ஒஸ்மானுக்குக் கழிசல் கண்டது. அரிசி கழுவிய தண்ணீர் போலப் போயிற்று. மதியத்துக்குள் கண்கள் குழிக்குள் போய்விட்டன. அவன் தண்ணீர் கேட்டான். "குடுக்காதீங்க, உள்ள போனா இன்னும் போவும்" என்று பதூல் கதறினாள். மவாஹிப் இதே கழிசலில் கிடந்தபோது நாமும் அதைத்தானே சொன்னோம். ஒஸ்மானைத் தோளில் போட்டுக்கொண்டு காலரா கூடாரத்துக்கு ஓடினேன்.

இஸ்லாஹ் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தாள். எங்கே தண்ணீர் குடித்தான் என்று கேட்டாள். "மவாஹிப் ஜாடியில" என்றாள் பதூல். பேனா நின்றது. இஸ்லாஹ் என்னைப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் அதே பதில் ஏற்கெனவே நான்கு முறை எழுதியிருந்தது. பதூல் விடுவாளா? "செத்த புள்ளைக்குப் புண்ணியம் தேடுறேன்னு எம்புள்ளைக்கு உலை வெச்சிட்டியேடி!" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான்.

கையில் டிரிப் ஏற்றினார்கள். அவன் விழுங்கத் தொடங்கியதும் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுக்கச் சொன்னார்கள். வாந்தி எடுத்தான், பயந்துபோய்க் கரண்டியைக் கீழே வைத்தேன். "பத்து நிமிஷம் விட்டு மறுபடி குடுங்கக்கா, நிறுத்தாதீங்க" என்றாள் இஸ்லாஹ். நான் நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் கிஸ்ரா ரொட்டி கேட்டு அழுதான். ஈசாதான் பிழைக்கவில்லை. பதிவேட்டில் இருந்த அந்த நால்வரில் அவரும் ஒருவர். அவர் மனைவியிடம் போய், எங்கள் ஜாடித் தண்ணீர்தான் என்று நானே சொன்னேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுபடியும் போவேன்.

வீட்டுக்கு வந்ததும் உலக்கையை எடுத்தேன். கழுவி வைக்கலாமே அண்ணி என்றார் உங்கள் தம்பி. கைவிட்டு மொள்ளுகிற எதுவும் என் வாசலில் இனி இருக்காது என்றேன். இப்போது மூடிபோட்ட, குழாய் வைத்த பீப்பாய் ஒன்று நிற்கிறது. தினமும் சொட்டு எண்ணி விடுகிறேன். முதல் ஆளாகப் பதூல்தான் வந்து குடித்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "மருந்து நாத்தம் கொடலப் புரட்டுதுடி. உம்மக சொர்க்கத்துல நல்லா இருக்கட்டும்" என்றாள். எனக்கு அது போதும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மவாஹிப் கிடந்த அன்று தண்ணீர் வேண்டாம் என்றது யார் என்று நாம் பேசிக்கொண்டதே இல்லை. வேண்டாம் என்றது நீங்கள். கிண்ணத்தை எடுத்து ஒளித்தது நான். தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும் என்று நம் இருவருக்குமே அப்போது தெரியவில்லை, பாபிகிர். இனி அதை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டாம்.

அங்கே உங்கள் அறையில் யாராவது இப்படிக் கிடந்தால், அவர் கேட்பதற்கு முன்பே தண்ணீர் கொடுங்கள். அல்லாஹ் உங்கள் தாகத்தையும் தீர்த்து, என்னிடம் கொண்டுவந்து சேர்ப்பானாக.

மவாஹிபின் அம்மா,
நிஃமத்